நாலு ராத்திரிக் கணக்கு: முகத்துக்கு எந்த இரவில் எதைப் போடுவது

பஸ் வருவதற்குள் படித்துவிட்டுப் போகிறவர்களுக்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் ராத்திரி ஆசிட் (பழைய மேல்தோலை உரிக்கிறது). இரண்டாம் ராத்திரி ரெட்டினாய்டு (வைட்டமின் ஏ வழி வந்த பூச்சு). மூன்றாம் ராத்திரியும் நாலாம் ராத்திரியும் வெறும் மாய்ஸ்சரைசர். ஐந்தாம் நாள் மறுபடி ஆசிட்டிலிருந்து ஆரம்பம். இதற்கு ஸ்கின் சைக்கிளிங் என்று பெயர் வைத்துப் பரப்பியவர் நியூயார்க்கில் இருக்கும் விட்னி போ என்ற தோல் டாக்டர். பெயர் புதுசு, விஷயம் அவ்வளவு புதுசு இல்லை. "ஒருநாள் விட்டு ஒருநாள் போடுங்க" என்று நம் ஊர் தோல் டாக்டர்களும் ரொம்ப நாளாகச் சொல்லி வருவதுதான்.

ஆனால் நியூயார்க் குளிர் வேறு, கடலூர் புழுக்கம் வேறு. நான் இருப்பது மஞ்சக்குப்பத்தில், வேலை புதுச்சேரியில். தினமும் ஸ்கூட்டியில் கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று வெயிலையும் தூசியையும் உப்புக் காற்றையும் வாங்கிக்கொண்டு போய் வருகிறேன். அந்த நாலு ராத்திரிக் கணக்கை அப்படியே எடுத்துப் போட்டுப் பார்த்ததில் சில இடங்களில் இடித்தது. அதை எப்படி மாற்றிக்கொண்டேன் என்பதைத்தான் எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, முகத்தை ஒருமுறை கெடுத்துக்கொண்டு திருந்தியவள், அவ்வளவுதான்.

கெடுத்துக்கொண்ட கதை இது. என் சித்தி பெண்ணுக்குத் திருப்பாதிரிப்புலியூரில் கல்யாணம். அதற்குள் முகம் பளிச்சென்று ஆகிவிட வேண்டும் என்று, கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது கிளைக்காலிக் ஆசிட் சீரம் ஒன்றும் அடாபலீன் என்ற ரெட்டினாய்டு ஜெல் ஒன்றும் வாங்கி வந்து, இரண்டையும் ஒரே ராத்திரியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசினேன், ஒரு நாள் கூட விடாமல். நாலாம் நாள் மூக்கோரம் உரிந்தது. "வேலை செய்யுது" என்று நினைத்துக்கொண்டேன். நலங்கு அன்றைக்குப் பெரியம்மா கல்யாணப் பெண்ணுக்குப் பூசிய கையோடு என் கன்னத்திலும் கொஞ்சம் மஞ்சளைத் தடவினார்கள் பாருங்கள், மிளகாயை அரைத்துப் பூசினது போல இருந்தது. போட்டோவில் எல்லோரும் சிரிக்கிறார்கள், நான் மட்டும் மஞ்சளும் சிவப்புமாகக் கண்ணீரோடு நிற்கிறேன். பெண்ணைப் பிரிகிற துக்கம் என்று சொந்தக்காரர்கள் நினைத்தது ஒரு நல்ல விஷயம்.

எரிச்சல் மூன்று வாரத்தில் போய்விட்டது. போகாதது அதற்குப் பிறகு வந்த கருப்பு. இதுதான் நம் நிறத்துக்காரர்கள் மனதில் வைக்க வேண்டிய முக்கியமான விஷயம்: நமக்கு எரிச்சல் எரிச்சலோடு முடிவதில்லை. சிவந்த இடம் ஆறியபின் பழுப்பாகவோ கருப்பாகவோ நிறம் தங்கிவிடும், மாதக்கணக்கில். பருத் தழும்பைப் போக்கப் போய் முகம் முழுக்கத் திட்டு வாங்கி வந்தேன். ஆகவே எந்த ஆக்டிவ் (ஆசிட், ரெட்டினாய்டு மாதிரி வேலை செய்கிற பொருள்) எவ்வளவு சதவீதம் என்று மண்டையை உடைப்பதைவிட, தோல் எரியாமல் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் நமக்கு முதல் வேலை. கடைசி இரண்டு ராத்திரியை "சும்மா இருக்கிற நாள்" என்று நினைக்கிறோமே, உண்மையில் அந்த இரண்டு ராத்திரியைச் சுற்றித்தான் மற்ற இரண்டையும் பொருத்த வேண்டும்.

ஏன் மாற்றி மாற்றிப் போட வேண்டும்?

ஆசிட்டும் ரெட்டினாய்டும் ஒரே வேலையைச் செய்கிற மாதிரி தோன்றும், வேலை வேறு. தோலின் மேல்புறத்தை நாட்டு ஓடு வேய்ந்த கூரை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆசிட் கூரைமேல் ஏறி, இற்றுப்போன பழைய ஓடுகளின் பிடிப்பைத் தளர்த்திக் கீழே தள்ளுகிற ஆள். ரெட்டினாய்டு சூளையில் நின்றுகொண்டு "சீக்கிரம் சீக்கிரம்" என்று புது ஓடு வேகவைக்க விரட்டுகிற ஆள். இரண்டு பேரையும் ஒரே நாளில் வேலைக்குக் கூப்பிட்டால், புது ஓடு சரியாக வேகாமல் வந்து சேரும், பழையது ஏற்கெனவே போயிருக்கும், நடுவில் ஒரு மழை வந்தால் வீடு ஒழுகும். தோலில் அந்த ஒழுகல்தான் நீர்ச்சத்து வெளியே போவதும், சோப்பும் வியர்வையும் உள்ளே போய் எரிப்பதும். ஓய்வு ராத்திரி என்பது ஓட்டுக்கு இடையில் சாந்து பூசுகிற நாள்.

தொடங்குவதற்கு முன் இரண்டு வாரம்

எதையும் வாங்காதீர்கள். முதலில் மூன்றே பொருள்: மிதமான ஃபேஸ்வாஷ், மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன். இந்த மூன்றோடு இரண்டு வாரம் முகம் நிம்மதியாக இருக்கிறதா என்று பாருங்கள். இதற்கே எரிகிறது என்றால் ஆசிட்டைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

இதில் நம் பக்கத்து வில்லன் தண்ணீர். கடலோரம் பல வீடுகளில் போர் தண்ணீர் உப்பாகத்தான் வரும், சோப்பு போட்டால் நுரைக்காது, வழவழவென்று ஒரு படலம் மட்டும் முகத்தில் ஒட்டிக்கொள்ளும். கடினத் தண்ணீரில் இருக்கிற கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து உண்டாக்குகிற கசடு அது. போதாததற்கு, சோப்புக் கட்டியின் பிஹெச் (புளிப்பா காரமா என்று சொல்கிற எண்) 9, 10 என்று காரமாக இருக்கும். தோலுடையது 5-ஐ ஒட்டிய லேசான புளிப்பு. அதனால் குளியல் சோப்பை முகத்துக்குக் கொண்டுபோகாமல் சோப்பு சேராத ஃபேஸ்வாஷ் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் குடிக்கிற தண்ணீர் கேனில் வருகிறது என்றால், கடைசியில் ஒரு சொம்பு அந்தத் தண்ணீரால் முகத்தை அலசிப் பாருங்கள். எங்கள் அம்மா இதைப் பார்த்து, "கேன் தண்ணியில மூஞ்சி கழுவுற மகாராணி" என்று பட்டம் கொடுத்துவிட்டார்கள், பரவாயில்லை.

புதுப் பொருள் எது வாங்கினாலும் காதுக்குப் பின்னாலோ தாடைக்கு அடியிலோ மூன்று ராத்திரி தொட்டு வைத்துப் பார்த்துவிட்டு முகத்துக்கு வாருங்கள். ஒரே வாரத்தில் இரண்டு புதுப் பொருளை ஆரம்பிக்காதீர்கள், எரிந்தால் யார் குற்றவாளி என்று தெரியாது.

முதல் ராத்திரி: ஆசிட்

கிளைக்காலிக் ஆசிட் கரும்பில் இருக்கிறது. நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிக்கொண்டு போகிற டிராக்டருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு நிற்கும்போதெல்லாம் இது ஞாபகம் வரும் எனக்கு. (கடையில் விற்கிற சீரத்தில் இருப்பது பெரும்பாலும் ரசாயனமாகத் தயாரித்ததுதான், கரும்பைக் கடித்து முகத்தில் தேய்க்க வேண்டாம்.) இந்த வகை ஆசிட்களிலேயே மிகச் சின்ன மூலக்கூறு இதனுடையது, அதனால் வேகமாக உள்ளே போகும், அதனாலேயே வேகமாக எரிக்கும். நம் நிறத்துக்கு இதிலிருந்து ஆரம்பிப்பது சரியில்லை என்பது என் கருத்து. லாக்டிக் ஆசிட் கொஞ்சம் சாது. மாண்டெலிக் ஆசிட் இன்னும் சாது, மூலக்கூறு பெரிசு, மெதுவாக இறங்கும். கருந்திட்டும் பருவும் சேர்ந்து இருப்பவர்கள் 5 அல்லது 10 சதவீத மாண்டெலிக்கில் ஆரம்பிக்கலாம்.

மூக்கு, நெற்றி எல்லாம் மத்தியானத்துக்குள் எண்ணெய்ச் சட்டி மாதிரி ஆகிவிடுகிற, கரும்புள்ளி நிறைய இருக்கிற ஆட்களுக்கு சாலிசிலிக் ஆசிட். மற்றவை தண்ணீரில் கரைகிறவை, இது எண்ணெயில் கரைகிறது, அதனால் துளைக்குள் அடைத்திருக்கிற எண்ணெயோடு கலந்து உள்ளே இறங்கும். இரண்டு சதவீதம் போதும். நம் ஊர்ப் புழுக்கத்துக்குப் பெரும்பாலானவர்களுக்கு இதுதான் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

போடுகிற முறையில் பெரிய வித்தை எதுவும் இல்லை. முகம் கழுவி, ஒற்றி எடுத்து, நன்றாகக் காய்ந்தபின் மெல்லிய ஒரு பூச்சு. கண்ணைச் சுற்றியும் உதட்டோரமும் வேண்டாம். பத்து நிமிடம் கழித்து மாய்ஸ்சரைசர். முப்பது சதவீத ஆசிட் என்று சிவப்புச் சிவப்பாக ஒன்று விற்கிறதே, பத்து நிமிடத்தில் கழுவ வேண்டியது, அது இந்தக் கணக்கில் சேராது, ஆரம்பிக்கிறவர்கள் அதைத் தொடவே வேண்டாம்.

அன்றைக்கு ஸ்க்ரப் கிடையாது. பயத்த மாவு தேய்ப்பதும் ஸ்க்ரப்தான். ஆண்களுக்கு ஒரு வார்த்தை: சவரம் செய்வதே ஒரு மேல்தோல் உரிப்பு, பிளேடு போன இடத்தில் அன்று ராத்திரி ஆசிட் போட்டால் எரியாமல் என்ன செய்யும்? ஆசிட் நாளன்று சவரத்தைத் தள்ளிப் போடுங்கள்.

"இதுக்கு எலுமிச்சம்பழம் தேய்ச்சா ஆகாதா" என்று கேட்கிற அத்தைகள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். ஆகாது. எலுமிச்சைச் சாறின் புளிப்பு பிஹெச் 2-ஐ ஒட்டி, தோலுக்கு அது ரொம்பவே அதிகம். அதைவிட மோசம், எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் தீக்காயம் மாதிரி கொப்புளமும் கருப்பும் வரும்; அதிலிருக்கிற சில பொருள்கள் வெயிலோடு சேர்ந்து செய்கிற வேலை அது. தயிர் அவ்வளவு ஆபத்தில்லை, அதில் லாக்டிக் ஆசிட் ஏதோ ஒரு சதவீதம் போல இருக்கும், குளிர்ச்சியாக இருக்கும், ஆனால் அதைப் போட்டுவிட்டு ஆசிட் ராத்திரிக் கணக்கில் எழுதாதீர்கள்.

இரண்டாம் ராத்திரி: ரெட்டினாய்டு

இதில்தான் நிறைய பேர் தடுக்கி விழுகிறார்கள், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ரெட்டினாய்டு என்பது வைட்டமின் ஏ வழி வந்த ஒரு குடும்பம். ரெட்டினால் தோலுக்குள் போய் ரெட்டினால்டிஹைடாக மாறி, அது மறுபடி ரெட்டினாயிக் ஆசிடாக மாறிய பிறகுதான் வேலை செய்யும். ட்ரெட்டினாயின் என்பது அந்த ரெட்டினாயிக் ஆசிடேதான், மாற வேண்டிய அவசியமே இல்லை, அதனால் பலனும் அதிகம் எரிச்சலும் அதிகம். அடாபலீன் தனியாகச் செய்யப்பட்டது, பருவுக்கென்றே வந்தது, ட்ரெட்டினாயினைவிடத் தோல் இதைப் பொறுத்துக்கொள்ளும், 0.1 சதவீத அடாபலீனை அமெரிக்காவில் 2016-லிருந்து சீட்டு இல்லாமலே விற்கிறார்கள். பரு இல்லை, சும்மா தோல் நன்றாக இருந்தால் போதும் என்றால் 0.1 முதல் 0.3 சதவீத ரெட்டினாலில் ஆரம்பியுங்கள். பரு இருக்கிறதென்றால் டாக்டரைப் பார்த்து அடாபலீன். ட்ரெட்டினாயினை டாக்டர் சொல்லாமல் தொடாதீர்கள்.

கர்ப்பமாக இருப்பவர்கள், கர்ப்பத்துக்கு முயற்சி செய்கிறவர்கள், இந்த ராத்திரியை அப்படியே அடித்துவிடுங்கள். இதே குடும்பத்து மாத்திரை குழந்தைக்குப் பெரிய ஊனம் உண்டாக்கும் என்பது உறுதியானது, அதனால் மேலே பூசுகிறதையும் தவிர்க்கச் சொல்வார்கள். பால் கொடுக்கிறவர்களும் கேட்டுவிட்டுத்தான். இவர்களுக்கு அசெலாயிக் ஆசிட் என்று ஒன்று உண்டு, பருவுக்கும் கருந்திட்டுக்கும் ஆகும், டாக்டரிடம் அந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

சரி, போடுகிற முறை. முகம் கழுவியதும் ஈரத்தோடு போடக் கூடாது, ஈரத் தோலில் அதிகமாக இறங்கி எரிக்கும். பதினைந்து இருபது நிமிடம் விடுங்கள், அந்த நேரத்தில் நாளைக்கு டிபனுக்கு வெங்காயம் நறுக்கலாம், கையைக் கழுவிவிட்டு வந்தால் சரி. ஆரம்பத்தில் அடியில் ஒரு மெல்லிய மாய்ஸ்சரைசர் பூசி, அதன்மேல் ரெட்டினாய்டு, அதன்மேல் மறுபடி மாய்ஸ்சரைசர். வேகம் கொஞ்சம் குறையும், குறையட்டும். அதற்கு முன் மூக்கோரம், உதட்டு முனை, கண்ணின் கடைசி ஓரம் இந்த மூன்று இடத்திலும் லேசாக வேசலின் தொட்டுவிடுங்கள், முதலில் உரிவது அங்கேதான்.

அளவு ஒரு பட்டாணி. ஊறவைத்த பட்டாணி இல்லை, காய்ந்த பட்டாணி. முழு முகத்துக்கும் அவ்வளவுதான். நெற்றியில் ஒரு புள்ளி, இரண்டு கன்னத்திலும் ஒவ்வொன்று, தாடையில் ஒன்று, அப்புறம் பரப்பிவிடுங்கள். பரு மேலே மட்டும் அப்புகிற பழக்கம் வேண்டாம். அது வரப்போகிற பருவுக்கான மருந்து, வந்த பருவுக்கு இல்லை.

நியூயார்க் டாக்டருக்குத் தெரியாத சிக்கல் ஒன்று இங்கே உண்டு: கரண்ட் கட். மே மாதம் ஒரு ராத்திரி ரெட்டினாய்டு பூசிப் படுத்த அரைமணியில் கரண்ட் போய், வியர்வை வழிந்து, பூசினது அத்தனையும் கண்ணுக்கு இறங்கிவிட்டது. காலையில் கண்ணோரம் இரண்டும் உரிந்து, கண்ணுக்குக் கீழே எண்பது வயசுப் பாட்டி மாதிரி சுருக்கம். அன்றிலிருந்து படுக்கப் போகும்போது போடுவதை நிறுத்தினேன், ஒன்பது மணிக்கே போட்டுவிடுகிறேன், ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து அது நன்றாக இழுத்துக்கொண்ட பிறகுதான் படுக்கை. அந்த நடுவில் வியர்த்தால் துண்டால் தேய்க்காமல் பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள்.

முதல் ஒன்றரை மாதம் பரு கொஞ்சம் கூடலாம், உள்ளே இருந்தது சீக்கிரம் மேலே வருகிறது. வழக்கமாகப் பரு வருகிற இடத்தில் வந்தால் அது அந்தக் கணக்கு. இதுவரை வராத இடத்தில், அரிப்போடு, சிவப்போடு வந்தால் அது எரிச்சல், நிறுத்துங்கள். பலன் தெரியப் பன்னிரண்டு வாரம் ஆகும். மூன்றாவது வாரம் கண்ணாடி முன் நின்று அழுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பருவுக்குப் பென்சாயில் பெராக்சைடு பயன்படுத்துகிறவர்கள் அதைக் காலைக்கு மாற்றுங்கள். ரெட்டினாலோடும் ட்ரெட்டினாயினோடும் அது ஒத்துப்போகாது, அடாபலீனோடு சேர்த்து டாக்டர் கொடுத்தால் வேறு விஷயம். தலையணை உறையில் அது பட்டால் நிறம் வெளுத்துவிடும், எங்கள் வீட்டில் இதற்கு ஒரு பஞ்சாயத்தே நடந்தது. வைட்டமின் சியும் காலைப் பொருள்தான்.

மூன்றும் நாலும்: ஓய்வு

முகம் கழுவு, மாய்ஸ்சரைசர் போடு, தூங்கு. கிளிசரின், செராமைடு, பேந்தினால், ஹையலூரானிக் ஆசிட் இதில் எது இருந்தாலும் நல்லது (கடைசியில் ஆசிட் என்று இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், அது உரிக்கிற ஆசிட் இல்லை, நீர் பிடித்து வைப்பது). நியாசினமைடு 4, 5 சதவீதம் சேர்த்துக்கொள்ளலாம், எண்ணெயையும் கருப்பையும் குறைக்கும், ஆனால் 10 சதவீதம் சிலருக்குக் குறுகுறுவென்று எரியும், ஓய்வு நாளில் அது எதற்கு.

இந்த ராத்திரியில் முகம் முழுக்க வேசலினைப் பூசிப் படுக்கச் சொல்லி நிறைய வீடியோ வருகிறது. குளிர் ஊருக்குச் சரி. மார்கழியில் வேண்டுமானால் உதட்டுக்கும் மூக்கோரத்துக்கும் பூசுங்கள். சித்திரையில் நம் பக்கத்தில் அப்படிப் படுத்தால் வேர்க்குரு வரும். நமக்கு ஜெல் மாதிரியோ லோஷன் மாதிரியோ இருக்கிற மாய்ஸ்சரைசர் போதும். எண்ணெய் வடிகிற முகம், அதனால் மாய்ஸ்சரைசரே வேண்டாம் என்பதும் தப்பு, அப்புறம் ரெட்டினாய்டு ராத்திரி தாங்காது.

தேங்காய் எண்ணெய் பற்றிச் சொன்னால் சண்டைக்கு வருவீர்கள். உடம்புக்குப் போடுங்கள், முடிக்குப் போடுங்கள். பரு வருகிற முகத்துக்கு மட்டும் வேண்டாம், துளையை அடைக்கும். தலைக்கு வைத்த எண்ணெய் நெற்றியில் இறங்குவதையும் கவனியுங்கள். நெற்றியிலும் மேல்முதுகிலும் கடுகு கடுகாக, ஒரே அளவாக, அரிப்போடு பொரிந்திருக்கிறதா? அது பரு இல்லாமல் மலசீசியா என்ற பூஞ்சையாக இருக்கலாம். புழுக்கமும் வியர்வையும் எண்ணெயும் அதற்குக் கொண்டாட்டம். அதற்கு வேறு மருந்து, ஆசிட்டை மேலும் மேலும் போட்டால் தோல்தான் புண்ணாகும்.

எத்தனை நாள் சுற்று, எப்படி மாற்றுவது

முதல் மாதம் நாலு ராத்திரிச் சுற்றே அதிகம். வாரத்தில் ஒரு ஆசிட், ஒரு ரெட்டினாய்டு, நடுவில் குறைந்தது இரண்டு நாள் இடைவெளி, மற்றதெல்லாம் ஓய்வு. உரியவில்லை, எரியவில்லை என்றால் இரண்டாம் மாதம் நாலு ராத்திரிக்கு வாருங்கள். வறண்ட தோலுக்கு மூன்று ஓய்வு நாள் வைத்து ஐந்து ராத்திரிச் சுற்று நல்லது. எண்ணெய்த் தோல், ஆறு மாதம் பழகிவிட்டது என்றால் ஒரு ஓய்வு நாளைக் குறைக்கலாம்.

ஒருநாள் மறந்துவிட்டால் அடுத்த நாள் இரண்டையும் சேர்த்துப் போட்டு ஈடுகட்டாதீர்கள். மறந்த நாள் ஓய்வு நாள், விட்டுவிடுங்கள். சந்தேகமாக இருந்தாலும் ஓய்வு. நான் சமையலறையில் தொங்குகிற மாதக் காலண்டரில் ஆ, ரெ, ஓ, ஓ என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். பால்காரர் வராத நாளுக்கு அம்மா போடுகிற பெருக்கல் குறியும் அதே கட்டத்தில் விழும், மாதக் கடைசியில் கணக்குப் பார்க்கும்போது, "ஓ-ன்னா ஒரு லிட்டரா, ஒண்ணரையா?" என்று கேட்டார்கள்.

காலண்டர் என்றதும் இன்னொன்று. அக்னி நட்சத்திரம், மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடிகிற அந்தக் கத்திரி வெயில் நாட்களில் நான் ஆசிட்டை நிறுத்திவிடுவேன், ரெட்டினாய்டு மட்டும் வாரத்துக்கு இரண்டு. கோடையில் நம் பக்கம் புற ஊதாக் கதிர்க் குறியீட்டு எண் (யுவி இண்டெக்ஸ்) 11-ஐத் தாண்டும், அது உச்சக்கட்ட எச்சரிக்கை. கிளைக்காலிக் மாதிரி ஆசிட்கள் தோலின் வெயில் தாங்குகிற சக்தியைக் குறைக்கும், விட்ட பிறகும் ஒரு வாரம் வரை அந்தத் தாக்கம் இருக்கும். மாசி மகத்துக்குப் புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரைக்குப் போகிறீர்கள், தீர்த்தவாரி பார்க்க மணிக்கணக்காக மணலில் நிற்கப் போகிறீர்கள் என்றால், முந்தின வாரமே ஆசிட்டை விட்டுவிடுங்கள். சில்வர் பீச்சில் குளிக்கப் போகிறதும் அப்படியே. முந்தின ராத்திரி உரித்த முகத்தில் உப்புத் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று அனுபவித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை.

பார்லருக்கு முன்னால்: திரெடிங், அப்பர் லிப் வாக்ஸ் என்றால் ஒரு வாரம் முன்பே ரெட்டினாய்டையும் ஆசிட்டையும் நிறுத்துங்கள், வாக்ஸோடு தோலும் சேர்ந்து வந்துவிடும். செய்கிற அக்காவிடமும் சொல்லிவிடுங்கள், சொன்னால் அவர்களே வேண்டாம் என்பார்கள். வீட்டில் கல்யாணம் என்றால் குறைந்தது மூன்று மாதம் முன்பே ஆரம்பியுங்கள், கடைசி ஒரு வாரம் முழுக்க ஓய்வு. நலங்குக்கு மஞ்சள் பூசுவார்கள், வேண்டாம் என்று சொல்ல முடியாது, அதற்கு முகம் தயாராக இருக்க வேண்டும்.

காலை

ராத்திரி செய்ததைக் காப்பாற்றுவது காலையில் போடுகிற சன்ஸ்கிரீன்தான். அது போட மனசில்லை என்றால் ராத்திரிப் பாட்டை ஆரம்பிக்கவே வேண்டாம், உள்ளதைக் கெடுத்துக்கொள்வீர்கள். எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாமல், இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி, முகம் கழுத்து காது. வெள்ளை வெள்ளையாகத் தெரிகிறது என்றால் வேறு மாற்றிப் பாருங்கள், அளவைக் குறைக்காதீர்கள்.

ஸ்கூட்டியில் போகிற பெண்களுக்கு: நாம் முகத்தைச் சுற்றிக் கட்டுகிற துப்பட்டா நல்லதுதான், ஆனால் சன்ஸ்கிரீனுக்குப் பதில் ஆகாது, மெல்லிய துணியில் வெயில் ஊடுருவும். அதுவும் பாலியெஸ்டர் துப்பட்டாவை இறுக்கிக் கட்டினால் மூக்குத் தண்டிலும் கன்ன மேட்டிலும் நாள் முழுக்க உரசும், ரெட்டினாய்டு போட்ட மறுநாள் அந்த இடம் மட்டும் சிவந்து பிறகு கருக்கும். என் கன்னத்தில் இருந்த கருப்புக்குப் பாதிக் காரணம் இதுதான் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருஷம் ஆனது. மெல்லிய பருத்தித் துணி, தளர்வாகக் கட்டு, தினமும் துவைத்தது. ஹெல்மெட் வாரும் தாடையில் இதே வேலையைச் செய்யும்.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை

மெடிக்கல் ஷாப்பில் "முகம் வெள்ளையாகணும்" என்று கேட்டால் கையில் ஒரு சின்ன டியூபைத் தருவார்கள், அதைத் திருப்பிப் பின்னால் இருக்கிற பொடி எழுத்தைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் இந்தப் பெயரில் எது இருந்தாலும் அது ஸ்டீராய்டு. அதோடு ட்ரெட்டினாயினும், நிறத்தை வெளுக்க வைக்கிற ஹைட்ரோகுயினோனும் சேர்த்து மூன்று மருந்தும் ஒன்றாக இருக்கிற கிரீம் ரொம்பப் பிரபலம். இரண்டு வாரத்தில் முகம் பளபளக்கும், அப்புறம் தோல் மெலிந்து, நரம்பு தெரிந்து, பரு கிளம்பி, நிறுத்தினால் நெருப்பாக எரியும். டாக்டர் குறிப்பிட்ட நாளுக்கு மட்டும் தரவேண்டிய மருந்து அது. 2018-ல் மத்திய அரசு இந்த மாதிரி ஸ்டீராய்டு கிரீம்களைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று விதியை இறுக்கியது, ஆனாலும் கேட்டால் கிடைக்கிறது. ஏற்கெனவே மாதக்கணக்கில் போட்டு வருகிறீர்கள் என்றால் திடீரென்று நிறுத்திவிட்டு இந்த நாலு ராத்திரிக் கணக்குக்கு வராதீர்கள், தோல் டாக்டரைப் பார்த்துத்தான் இறங்க வேண்டும். புதுச்சேரி கோரிமேடு ஜிப்மர் ஆஸ்பத்திரியில் தோல் பிரிவு இருக்கிறது, வரிசை நீளம், காலையிலேயே போய்விடுங்கள், அந்த டியூபையும் மறக்காமல் கையில் எடுத்துப் போங்கள்.

எல்லாம் மீறி எரிந்துவிட்டால்

வெறும் தண்ணீர் பட்டாலே சுரீர் என்கிறது, தோல் இழுத்துப் பிடித்து மெழுகு பூசினது போல மின்னுகிறது, வழக்கமான மாய்ஸ்சரைசரே எரிகிறது என்றால் தோலின் மேல் அரண் போய்விட்டது என்று அர்த்தம். எல்லா ஆக்டிவையும் நிறுத்துங்கள். நியாசினமைடு, வைட்டமின் சி, கஸ்தூரி மஞ்சள், முல்தானி மட்டி, எல்லாமும். காலையில் வெறும் தண்ணீர், ராத்திரி ஃபேஸ்வாஷ், இரண்டு வேளையும் வாசனை சேர்க்காத மாய்ஸ்சரைசர், வெளியே போனால் சன்ஸ்கிரீன். உரிகிற தோலைக் கையால் பிய்க்காதீர்கள், அந்த இடம் கட்டாயம் கருக்கும். எனக்கு அடங்க மூன்று வாரம் ஆனது. வீக்கம், நீர்க் கொப்புளம், கண் இமை தடிப்பது, இதில் எது வந்தாலும் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

ஆறிய பிறகு ரெட்டினாய்டு மட்டும், மாய்ஸ்சரைசருக்கு நடுவில் வைத்து, வாரம் ஒரு ராத்திரி. அது ஒரு மாதம் ஒழுங்காகப் போன பிறகு ஆசிட்டைப் பற்றி யோசிக்கலாம், அதுவும் பழைய பாட்டிலை எடுக்காமல் அதைவிடச் சாதுவானதில்.